கேட்காமலே கழியும் பணம்

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளுக்கோ, உத்திர வீதிகளுக்கோ மாதச் சந்தா புதிதன்று. பால், நாளிதழ், கேபிள் டி.வி. என எல்லாவற்றுக்கும் மாதத்தின் முதல் வாரத்தில் கணக்குத் தீர்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால், பணம் வாங்க ஒருவர் வாசலுக்கு வருவார். ஊருக்குப் போயிருந்த நான்கு நாள்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அடுத்த மாதம் முதல் வேண்டாம் என்றும் சொல்லலாம். பணத்தை எண்ணித் தரும் அந்த ஒரு நிமிடத்தில், இது தேவைதானா என்ற கேள்வியும் எழும்.

இன்று அந்த நிமிடம் பறிபோய்விட்டது. யு.பி.ஐ. ஆட்டோபே வசதி 2020-இல் அறிமுகமானது. ஒருமுறை ரகசிய எண்ணை அழுத்தி ஒப்புதல் அளித்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் பணம் தானாகவே கழிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் நான் அடிக்கடி காண்பது இது: வெளியூரிலோ, வெளிநாட்டிலோ பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, பெற்றோரின் கைப்பேசியில் திரைப்படச் செயலி, இசைச் செயலி, மேகச் சேமிப்பு என்று சேர்த்துத் தருகிறார்கள். முதல் மாதம் இலவசம். அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், ஓய்வூதியம் வரவாகும் கணக்கிலிருந்து 149 ரூபாய், 199 ரூபாய் என்று கழியத் தொடங்குகிறது. தொகை சிறிது என்பதால் எவரும் கேட்பதில்லை. 149 ரூபாய் வீதம் ஐந்து சந்தாக்கள் என்றால் மாதத்துக்கு 745. ஆண்டுக்கு 8,940 ரூபாய். 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியமாக 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது மாதம் 1,000 ரூபாய்தான் என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். (கைப்பேசி ரீசார்ஜை நான் இதில் சேர்க்கவில்லை. 28 நாள் திட்டமென்றால் அதில் ஆண்டுக்குப் பதின்மூன்று 'மாதங்கள்'!)

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2021 அக்டோபர் முதல், தானாகக் கழியும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேண்டாமெனில் அப்போதே விலகவும் வழி உண்டு. ஆனால், அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலக் குறுஞ்செய்தியாக, கடன் விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழுகிறது. 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் கடவு எண் கேட்கத் தேவையில்லை என்று 2022-இல் வரம்பு உயர்த்தப்பட்டது. அந்தத் தளர்வு நிறுவனங்களுக்கு வசதி. எழுபது வயதுக்காரருக்கு அன்று.

சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்கும் 'சந்தாப் பொறி'யை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் முறையற்ற உத்திகளில் ஒன்றாக அறிவித்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். அதைவிட எளிய வழியும் இருக்கிறது. யு.பி.ஐ. செயலியிலேயே ஆட்டோபே பட்டியலைத் திறந்து ஒப்புதலை ரத்து செய்துவிடலாம். சந்தா நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. இது தெரிந்த முதியவர்கள் எத்தனை பேர்?

பாஸ்புக்கில் வரவு பதிய வங்கிக்கு வரும் ஓய்வூதியர்களுக்கு, அவர்களது கணக்கில் எத்தனை சந்தாக்களுக்கு ஒப்புதல் இருக்கிறது என்ற பட்டியலையும் தமிழில் அச்சிட்டுத் தருவதில் வங்கிகளுக்கு என்ன தடை இருக்க முடியும்? விவரங்கள் அவற்றின் கணினிகளில்தானே இருக்கின்றன.