பம்பாய் ரத்தம் கற்றுத்தரும் மரபணுப் பாடம்

டி.என்.ஏ.வுக்கும் மரபணுவுக்கும் என்ன வேறுபாடு? நவி மும்பையின் ஐரோலியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும், 'மரபணு என்பது டி.என்.ஏ.வின் ஒரு பகுதி' என்ற பதில் வந்துவிடும். எந்தப் பகுதி, மற்ற பகுதிகள் மரபணு இல்லையா என்று தொடர்ந்து கேட்டால் பலர் திணறிப்போவார்கள். இது மாணவர்களின் குறை அல்ல. நம் பாடம் நடத்தும் முறையின் குறை.

அறிவியல் இவ்விரண்டையும் வெவ்வேறு வழிகளில் கண்டடைந்தது. பட்டாணிச் செடிகளின் பண்புகள் தலைமுறை தாண்டுவதைக் கணக்கிட்டு, அதன் பின்னே ஏதோ ஒரு 'காரணி' இருப்பதாக 1866-இல் எழுதினார் மெண்டல். அந்தக் காரணியே பின்னாளில் மரபணு எனப்பட்டது. 1869-இல் மீஷர் என்ற ஆய்வாளர், சீழில் இருந்த வெள்ளணுக்களிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே டி.என்.ஏ. முன்னது ஒரு வேலையின் பெயர். பின்னது ஒரு பொருளின் பெயர். அந்த வேலையைச் செய்வது இந்தப் பொருள்தான் என்பதற்கு வலுவான சான்று 1944-இல்தான் கிடைத்தது. இந்த நீண்ட தேடலைப் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

இவ்விரண்டின் வேறுபாட்டைத் தெளிவாக்கும் சான்று மும்பையிலேயே இருக்கிறது. 1952-இல் மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர் இந்நகரில் கண்டறிந்த அரிய ரத்த வகைக்கு உலகெங்கும் 'பம்பாய் ரத்தம்' என்றே பெயர். வழக்கமான சோதனையில் அது 'ஓ' பிரிவுபோலத் தோன்றும். ஆனால் அந்த ரத்தம் உடையவர்களுக்கு 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பம்பாய் ரத்தம் மட்டுமே சேரும்.

காரணம் இதுதான். 'ஏ', 'பி' அடையாளங்கள் சிவப்பணுவின் மேல் 'ஹெச்' என்ற அடித்தளத்தின்மீதுதான் அமைய முடியும். அந்த அடித்தளத்தை உருவாக்கும் நொதிக்கான மரபணு எஃப்.யு.டி.1. அது 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோமின் டி.என்.ஏ. ஏறத்தாழ 5.9 கோடி வேதி எழுத்துகள் நீளமுடையது. அதில் இந்த நொதியின் கட்டளை வெறும் 1,098 எழுத்துகள். இந்தியாவில் காணப்படும் பம்பாய் ரத்தத்தில், அந்தக் கட்டளையின் 725-ஆவது இடத்தில் தைமின் என்ற எழுத்துக்குப் பதில் குவானின் என்ற எழுத்து இருப்பதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்துசேர்ந்தால் நொதி செயலிழக்கிறது, அடித்தளம் உருவாவதில்லை. அதனால் 'ஹெச்' உள்ள 'ஓ' ரத்தத்தையும் உடல் அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. டி.என்.ஏ. என்பது நெடிய பொருள், மரபணு என்பது அதில் ஒரு வேலைக்குரிய துண்டு என்பது இங்கே ஐயமின்றிப் புலப்படுகிறது.

மனித டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதங்களுக்கான கட்டளை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியில் மரபணுக்களை இயக்கும் பகுதிகளும், திரும்பத் திரும்ப வரும் வரிசைகளும் உண்டு. குற்ற வழக்குகளில் ஒருவரை அடையாளம் காண உதவுபவை பெரும்பாலும் இந்தத் திரும்பவரும் வரிசைகளே.

இந்த வேறுபாட்டை அறிவது தேர்வோடு முடியும் விஷயம் அல்ல. தந்தைக்குப் பம்பாய் ரத்தம், அவரிடம் வெளிப்படாத 'பி' மரபணு. தாய்க்கு 'ஓ' பிரிவு என்று கொள்வோம். தாயிடமிருந்து பிழையற்ற எஃப்.யு.டி.1 மரபணுவும் தந்தையிடமிருந்து 'பி'யும் பெற்ற குழந்தை 'பி' பிரிவாகப் பிறக்கும். 'ஓ'வுக்கும் 'ஓ'வுக்கும் 'ஓ'தான் பிறக்கும் என்று அட்டவணையை மட்டும் படித்தவர், குற்றமற்ற அந்தத் தாயைச் சந்தேகிப்பார். மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது வேறு என்று அறிந்தவர் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார்.

ஆகவே, வரையறையில் தொடங்கும் பாடம் இனி ஒரு மனிதரின் ரத்தத்தில் தொடங்கட்டும். அங்கிருந்து மரபணுவுக்கும், மரபணுவிலிருந்து டி.என்.ஏ. எழுத்துக்கும் மாணவர்கள் போகட்டும். எஃப்.யு.டி.1-இன் முழு வரிசை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; 725-ஆவது எழுத்தை வகுப்பிலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் போன்றவை பள்ளிகளுக்குக் கதவு திறந்தால் பாடம் இன்னும் உயிர்பெறும். தேர்விலும் 'வரையறு' என்ற வினாவுக்குப் பதில், மேற்சொன்ன குடும்பத்தைக் கொடுத்து 'விளக்குக' என்று கேட்க வேண்டும். வினா மாறினால் கற்பித்தலும் மாறும். பம்பாய் ரத்தத்தை உலகுக்கு அறிவித்த நகரத்தின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் உரிமையாகவே சேர வேண்டியது.