பந்தியில் பக்கத்து இலை யாருடையது?

மத்தியானம் ஒரு மணிக்கு உறையூர்ப் பக்கம் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திற்கும் சென்று பாருங்கள். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைக்கிறார். சித்தாள் சும்மாட்டை உதறிவிட்டு நிழலில் உட்காருகிறார். தூக்குச்சட்டிகள் திறக்கப்படுகின்றன. ஒருவர் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு இன்னொருவருடைய பழைய சோற்றுக்குப் போகிறது. அவருடைய ஊறுகாய் இவருக்கு வருகிறது. "நீ என்ன ஆள்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. பசி விடுவதும் இல்லை.

அதே தோழர் விடுமுறைக்கு ஊர் சென்று, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கலந்துகொண்டால் என்ன நடக்கிறது? முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு, பந்தியே இல்லாமல் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டியவர் யார் என்பதெல்லாம் இன்னமும் பல ஊர்களில் எழுதி ஒட்டாமலே எல்லோருக்கும் தெரியும். நம் தோழருக்கும் தெரியும். தெரிந்தும், தமக்குக் காட்டிய இலையில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

அந்தப் பேசாமையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

தமிழர் பண்பாடு எது என்று கேட்டால், விருந்தோம்பல் என்று மார்தட்டிச் சொல்கிறோம். சொல்ல உரிமையும் உண்டு. உறையூரிலிருந்து ஆண்ட சோழர் குடியில் வந்த கிள்ளிவளவன், முடிசூடிய மன்னனாயிருந்தும், சிறுகுடி என்ற ஊரின் தலைவனான பண்ணனைப் பாடினான். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. போரில் வென்றவன் என்பதற்காகப் பாடவில்லை. பசியை ஒரு நோயாகவும், சோறிட்ட பண்ணனை அந்நோய் தீர்க்கும் மருத்துவனாகவும் வைத்துப் பாடினான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை, புதியவர் என்பதே பொருள். வடை பாயசத்திற்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. அப்படியானால், முன்பின் அறியாத புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடுவதுதான் விருந்து. தன் சாதிக்காரனை மட்டும் கூட்டி வைத்துப் பதினாறு வகைக் கறியோடு படைத்தாலும் அது விருந்தாகாது. இன்னாருக்கு இங்கே இடமில்லை என்று பந்தியைப் பிரித்த நாள் முதல் நாம் இழந்தது விருந்தைத்தான்.

பந்தியின் கதை திருச்சியோடு மிகவும் நெருங்கியது. வ.வே.சு. ஐயர் நம் வரகனேரியில் பிறந்தவர். விடுதலைக்காக வெளிநாட்டில் அலைந்தவர். குறளை ஆங்கிலத்தில் தந்தவர். அவர் 1922-இல் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தத் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்த அந்த இடத்தில், இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் சாப்பாடு தனியாக! பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். பத்தாயிரம் ரூபாயில் ஐயாயிரம் போனது. மீதி ஐயாயிரத்தைத் தரமுடியாது என்று பெரியார் நிறுத்தினார். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று தீர்மானம் செய்தது.

இரண்டே இரண்டு பையன்கள்! இதற்கா இவ்வளவு சண்டை என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்பார்கள். நாம் கேட்பது வேறு. தனி இடத்தில் சாப்பிட்ட இரண்டு பையன்கள் கற்றது என்ன? வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்த மற்றப் பையன்கள் கற்றது என்ன? காலையில் பாடத்தில் தேசம் ஒன்று என்று படித்திருப்பார்கள். மத்தியானம் இலையின் முன்னால் அது பொய் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். படித்த பாடம் மறந்துபோகும். இலை சொல்லிக் கொடுத்த பாடம் மறக்காது. ஐயரைப் போன்ற அறிவாளியாலும் தியாகியாலும் அந்தத் தடுப்பைத் தாண்ட முடியவில்லை என்றால், வைதிகத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்று எண்ணிப் பாருங்கள்.

தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் அந்நாளில் திருச்சி. பொன்மலைத் தொழிலாளி பழுது பார்த்த வண்டியில் எல்லோரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். ஆனால் நிலையத்துச் சாப்பாட்டு விடுதியில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். வண்டிக்கு இல்லாத சாதி வடைக்கு இருந்தது! பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் அது ஒழிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில், 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், பணம் கொடுக்கலாம், உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. ஆதிக்கக்காரன் பணத்தை எவரிடமும் வாங்கிக்கொள்வான். பக்கத்தில் உட்கார விடத்தான் அஞ்சுவான். பக்கத்தில் உட்கார்ந்தவன் சமமானவன் என்பது அவனுக்குத் தெரியும்.

நம் நாட்டில் பெரிய மாற்றத்தைச் செய்தது பள்ளிக்கூடப் பந்தி. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் 1920-இல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கி வைத்தார். காமராசர் 1956-இல் அதை நாடெங்கும் விரித்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய ஊர் நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். ஒரு நூற்றாண்டு முழுவதும் கட்சிகள் மாறி மாறி வளர்த்த காரியம் இது. பிள்ளைகள் படிக்க வந்தார்கள் என்பது ஒரு பலன். எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்றது அதைவிடப் பெரிய பலன்.

அந்தப் பந்தியையும் கலைக்கப் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கரூரில், வேலன்செட்டியூர்ப் பள்ளியில், 2023-இல் காலை உணவு சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று பேச வேண்டியதாயிற்று. வெட்கக்கேடு! அங்கே பசியோடு இருந்த குழந்தைக்குச் சாதி தெரியாது. உப்புமா மணம்தான் தெரியும். பெற்றவர்கள் வலிந்து கற்றுக்கொடுத்தார்கள்.

'யாரோடு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். இதில் கட்சிக்கு என்ன வேலை?' என்பார்கள். வயிற்றுக்கு ஒவ்வாதது என்று ஒருவர் ஒரு பண்டத்தை ஒதுக்கலாம், அது விருப்பம். சமைத்த கையை ஒதுக்குவது விருப்பமன்று. இன்னொரு மனிதரை இழிவு செய்வது. தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. கடையில் இரட்டைக் குவளை வைத்தால் சட்டம் கேட்கும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியைச் சட்டம் வந்து பார்க்காது. அதை நீங்கள்தாம் பார்க்க வேண்டும்.

கழக மாநாட்டில் ஆயிரம் பேரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மேடையில் சமத்துவம் பேசுகிறோம். மாநாட்டுப் பந்தலில் இருக்கும் துணிவு வீட்டு வாசலில் எங்கே போகிறது? தோழர்களே, மூன்றே காரியங்கள் செய்யுங்கள். உங்கள் பிள்ளையைப் பள்ளிப் பந்தியில் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் உடன் வேலை செய்கிறவரை முதல் பந்தியில், உங்கள் அம்மாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார வையுங்கள். அவர் வீட்டுக்கு அழைத்தால் போங்கள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வராமல், சோறு கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அத்தை முகம் சுளிப்பார்; பங்காளி எழுந்து போவார். போகட்டும். அவர் விட்டுப்போன இலையில் உட்காரப் புதியவர் ஒருவர் வருவார். அன்றைக்குத்தான் உங்கள் வீட்டில் உண்மையான விருந்து!