நாணலும் கரும்பும்

தச்சநல்லூர்ப் பாதையோரங்களிலும் வாய்க்காற் கரைகளிலும் தாமிரபரணியின் மணற்றிட்டுகளிலும் வளரும் நாணலை, 'வெறும் புல்தானே' என்று கழிப்பவரே நம்மில் அதிகம். அதற்குப் பேய்க்கரும்பு என்றும் ஒரு பெயர் உண்டு. அது பரிகாசப் பெயரன்று. நாணல் கரும்பின் நெருங்கிய பந்துவேயாகும்.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலத்தில் நம் தேசத்தின் நிலைமை யாது? வடநாட்டுக் கரும்பு மெலிந்தது. தென்னாட்டுத் தடிக்கரும்போ வடநாட்டுக் குளிரைத் தாங்காது. ஜனங்கள் ஜாவாச் சர்க்கரையை எதிர்பார்த்திருந்தனர். டாக்டர் பார்பரும் ஸ்ரீ டி. எஸ். வெங்கடராமனும் 'வெள்ளை' என்னும் தடிக்கரும்பைக் கோவைப் பக்கத்து நாணலோடு கலந்தனர். அவ்வாறு பிறந்து 1918-ல் வெளிவந்த 'கோ 205' பஞ்சாப் வரை பரவிற்று. ஜாவாவில் டச்சுக்காரர் 1921-ல் உண்டாக்கிய புகழ்பெற்ற 'பி. ஓ. ஜே. 2878' கரும்பிலும் நாணலின் இரத்தமே ஓடிற்று. 1932-ல் பாதுகாப்பு வரியும் வந்தது. புதிய கரும்பும் அவ்வரியும் சேர்ந்து சில ஆண்டுகளில் அந்நியச் சர்க்கரையைப் பெரிதும் ஒதுக்கிவிட்டன. இன்றைய ஆலைக் கரும்புகளுக்கு வறட்சியையும் நோயையும் எதிர்க்கும் வலிமை பெரும்பாலும் அந்தப் புல் அளித்த சீதனமேயாகும்.

இத்தகைய உபகாரியை அடையாளம் அறியாதிருப்பது நமக்கு அழகன்று. நாணலையும் கொறுக்கையையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். கொறுக்கையின் தண்டு மூங்கிலைப்போல் உள்ளே வெறுமையானது. அதன் பூங்கதிர் பழுப்பேறியது. நாணலின் தண்டிலோ சோறு இருக்கும். கதிர் வெண்பட்டு இழைபோல் மின்னும். அதன் இலை கரும்பிலையைப் போன்றதே, ஆயினும் மிகக் குறுகியது; அடிப்பாகத்தில் வெள்ளை நடுநரம்பு மாத்திரமே எஞ்சினாற்போல் தோன்றும்.

நாணல் வயலிற் புகுந்தால் கொடிய களை என்பதை நாம் மறுக்கவில்லை. நீரோட்டத்தைத் தடுக்குமிடத்தில் அதை அகற்றுவதும் அவசியமே. ஆனால் துப்புரவு என்ற பெயரால் கரை முழுவதையும் தீக்கும் இயந்திரத்துக்கும் இரையாக்குவது விவேகமாகாது. மண்ணைப் பிடித்து நிற்பவை அதன் வேர்களே. மேலும், ஓரிடத்து நாணல் போல் மற்றோரிடத்து நாணல் இராது. அதன் குரோமோசோம் எண்ணிக்கையே 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. கோவை நிலையம் பலவிடத்து நாணல்களையும் சேகரித்துப் பேணி வருவதன் காரணம் இதுவே. நாளை ஒரு புதிய நோய் கரும்பைத் தாக்குமாயின், அதற்கு மாற்று எந்த ஊர் நாணலில் இருக்கிறதென்று இன்று யார் சொல்ல முடியும்?

ஆகவே, ஓடைகளைச் சுத்தம் செய்யுமுன் கரையோரப் புற்களை இனமறிந்து, நாணலுக்கு ஆங்காங்கே இடம் விட்டு வைக்குமாறு திருநெல்வேலி மாநகராட்சியாரையும் நீர்வளத் துறையினரையும் வேண்டுகிறோம். உபாத்தியாயர்கள் மாணவர்களை வாய்க்காற் கரைக்கு அழைத்துச் சென்று இப்புற்களைக் காட்டுவார்களாக. பொங்கலுக்குக் கரும்பை வாங்கி மகிழும் நாம், அதன் ஏழைச் சுற்றத்தைத் தெருவில் கண்டால் முகந்தெரியாதவர்போல் நடப்பது நன்றியாகாது.