விலக்கு என்னும் பரிசு

சோன் ஹியூங்-மின்னின் வாழ்க்கையைத் தனிமனித உழைப்பின் வெற்றியாகவே நாம் பேசுகிறோம். பதின்வயதில் ஹாம்பர்க் சென்றவர். லெவர்குசென் வழியாக 2015இல் டாட்டன்ஹாமை அடைந்தவர். 2021-22 பருவத்தில் ஒரு பெனால்டிகூட இன்றி 23 கோல்கள் அடித்து, பிரீமியர் லீகின் தங்கக் காலணியை முகமது சலாவுடன் பகிர்ந்துகொண்டவர். ஆனால் அவ்வுழைப்பின் எதிர்காலம் 2018 செப்டம்பர் 1 அன்று இந்தோனேசியாவில் நடந்த ஒரே ஆட்டத்தைச் சார்ந்திருந்தது.

தென்கொரிய ஆண்களுக்கு இராணுவப் பணி கட்டாயம். விளையாட்டு வீரர்களுள் ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கமோ வென்றோருக்கே விலக்கு. அன்றைய ஆசிய இறுதியாட்டம் கூடுதல் நேரம்வரை நீண்டது. கொரியா ஜப்பானை 2-1 என வென்றது. இரு கோல்களையும் அடித்தோர் சோனின் சக வீரர்கள். ஏறத்தாழ ஈராண்டுப் பணியிலிருந்து அவர் விடுபட்டார். 2020இல் மூன்று வார அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றார்.

அவருக்கு முன்னோடியான சா பம்-குன்னுக்கு அந்த வாய்ப்பில்லை. 1978இல் டார்ம்ஸ்டாட் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடியபின், எஞ்சிய பணிக்காக நாடு திரும்பினார். 1979இல் மீண்டும் ஜெர்மனி சென்று புண்டஸ்லிகாவில் 98 கோல்கள் அடித்தார்.

சோன் விலக்குப் பெற்றதில் தவறில்லை. பிழை சட்டத்தின் தர்க்கத்தில் உள்ளது. கடமையிலிருந்து விடுதலையே பரிசு என்றால், அக்கடமை ஒரு தண்டனை என்று அரசே ஒப்புக்கொள்கிறது அல்லவா? விளையாட்டு வாழ்வு முடிந்தபின் பணியாற்றும் ஒத்திவைப்பை அனைத்து வீரர்களுக்கும் வழங்குவதே நேர்மையானது. ஒருவரது குடிமைக் கடமையைச் சக வீரரின் கோல் தீர்மானிக்கலாகாது.