நட்டம் வந்தால் யார் பொறுப்பு?



மரபணு மாற்றுப் பயிர் நல்லதா, கெட்டதா என்று உலக நாடுகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுகின்றன. படித்தவர்கள் பேசட்டும், நமக்கென்ன என்று நாம் ஒதுங்க முடியாது. விதைக்கிற நிலம் நம்ம நிலம்.

1999-ல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. முட்டுக்கட்டை போட்டவை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, சிலி, உருகுவே ஆகிய ஏற்றுமதி நாடுகள். 2000 ஜனவரியில் மாண்ட்ரியலில்தான் உயிரிப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒருவழியாக நிறைவேறியது. இந்தியா அதில் உறுப்பு நாடு. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி வருமுன் காப்பது. கெடுதல் முழுசாக நிரூபணமாகும் வரை காத்திருக்க வேண்டாம். நியாயமான சந்தேகம் இருந்தாலே ஒரு நாடு இறக்குமதியைத் தடுக்கலாம். ஆனால் நட்டம் வந்தால் யார் ஈடு கட்டுவது? அதை மட்டும் தள்ளிப்போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து, 2010-ல் ஜப்பானின் நகோயாவில் துணை ஒப்பந்தம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வந்ததோ 2018-ல். அதிலும் விவசாயியின் நட்ட ஈட்டை அந்தந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வீண் பயம் என்பவர்களுக்கு ஒரு சேதி. 2001-லேயே வயல் சோதனை முடிந்துபோன, விற்பனைக்கு அனுமதியில்லாத பேயர் கம்பெனியின் நெல் ரகம், 2006-ல் அமெரிக்காவின் நீள அரிசியில் கலந்திருப்பது தெரிந்தது. சாப்பிட்டால் ஆபத்தில்லை என்றுதான் அந்த அரசு சொன்னது. ஆனாலும் ஜப்பான் வாங்க மறுத்தது. ஐரோப்பா சோதனைச் சான்று கேட்டது. விலை சரிந்தது. அந்த விதையைத் தொடாத விவசாயி அடிபட்டான்! கோர்ட் படி ஏறி இறங்கி, 2011-ல்தான் சுமார் 11,000 விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை தர கம்பெனி ஒத்துக்கொண்டது. இங்கே ரெண்டு ஏக்கர்க்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

அனுமதி பெற்ற பயிரைச் சாப்பிடுவதால் கூடுதல் கெடுதலுக்கு ஆதாரமில்லை என்று 2016-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை சொன்னது. அதை நாம் மறைக்கவில்லை. களைக்கொல்லிக்குச் சாகாத களைகள் பெரும் தலைவலியாகிவிட்டன என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. 2002-ல் நம்ம நாட்டுக்கு வந்த பி.டி. பருத்தியைக் காய்ப்புழு அண்டாது என்றார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தின்னப் பழகிவிட்டது. மருந்துச் செலவு யார் தலையில் விடிந்தது?

2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். ஆனால் மத்திய அரசு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். அந்தக் கொள்கையில் நாம் கேட்பது:

* கலப்பாலோ, பயிர் பொய்த்தோ நட்டம் வந்தால் விதைக் கம்பெனியே முழுப் பொறுப்பு என்று சட்டம் வேண்டும்.
* சோதனை வயல் எங்கே என்பதைக் கிராமசபையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
* கம்பெனி தரும் ஆய்வை மட்டும் நம்பாமல் அரசே சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு? பத்திரமான விதை என்று அடித்துச் சொல்கிறவர்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடட்டும். அதுவரை நம்ம வயலைச் சோதனைக்கூடமாக்க விடமாட்டோம்!

ஒன்று திரள்வோம்! விதை உரிமை காப்போம்!