ஆசிரியர்கள் நிறைந்த மாவட்டமும் ஆசிரியர் இல்லா வகுப்பறைகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது நமது குமரி மாவட்டம், 91.75 விழுக்காடு. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்போர் இல்லாத பங்கு நம்மிடையே இல்லை என்றே சொல்லலாம். அப்படியிருந்தும் நாகர்கோவில், குளச்சல் போன்ற நகரங்களிலும், நகரம்போலவே வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கடற்கரை ஊர்களிலும், ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளை நாம் காண்கிறோம்.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. ஆண்டுதோறும் ஆகஸ்டு 1ஆம் நாள் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறி ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போய்விட, எண்ணிக்கை குறைகிறது, பணியிடமும் போகிறது. எஞ்சியிருப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள். நல்ல ஆசிரியர் மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

2022ஆம் ஆண்டு தமிழக அரசு 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது. கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர்கூட இதைவிட அதிகம் வாங்குவார் என்று அப்போது பலரும் பேசினார்கள். அரசைக் குறை சொல்வது எளிது. நமது நிர்வாகங்கள் தாங்களே நியமிக்கும் ஆசிரியர்களுக்கு என்ன ஊதியம் தருகின்றன என்பதையும் நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்த நிலையில்தான் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முதல் எட்டு வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறவேண்டும் என்றது அத்தீர்ப்பு. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்ற 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை மட்டும் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. அதுமுதல் நமது ஆசிரியர் அறைகளில் இதே பேச்சுதான். நமது உரிமையைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் விலக்கு வேண்டும் என்று கேட்கும்போதே, நமது ஆசிரியர்களை எதற்கு, எப்படி ஆயத்தப்படுத்துகிறோம் என்பதையும் நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கநிலைத் தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியையும் கற்பித்தல் முறையையும் பற்றியவை. அவை தேவையானவையே. எந்தக் குழந்தை, எந்த ஊர்க் குழந்தை என்பதை மட்டும் அந்தத் தாளில் கேட்க இயலாது.

நமது மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறந்து நோட்டும் சீருடையும் வாங்கவேண்டிய அதே மாதங்களில் வீட்டில் வருமானம் இல்லை. உள்நாட்டிலிருந்து பணிக்கு வரும் ஆசிரியருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நோட்டு கொண்டுவராத பிள்ளை அவர் கண்ணுக்குப் பொறுப்பற்ற பிள்ளை. தூத்தூர்ப் பகுதியில் தகப்பன் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு திரும்பி வராத தகப்பன்மாரின் பிள்ளைகளும் நமது வகுப்புகளில் படித்தார்கள். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்ற சாதாரண வார்த்தை அவர்களை எப்படித் தாக்கியிருக்கும்!

மொழியிலும் இப்படித்தான். கடற்கரைப் பேச்சும், விளவங்கோட்டின் மலையாளம் கலந்த பேச்சும் வகுப்பில் "கொச்சை" ஆகிவிடுகின்றன. ஓரிரு முறை கேலிக்கு ஆளான பிள்ளை பிறகு வாயைத் திறப்பதே இல்லை. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் குறிவைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கும் தகப்பனின் மகனுக்கு வடிவியல் வராது என்று நாம் எப்படி முடிவு கட்டுகிறோம்? பிடித்த மீனின் விலையைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு வைக்கும் கணக்கு பின்னம் அல்லாமல் வேறென்ன? அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு வெற்றிகரமாகக் கற்பித்த ஆசிரியர்களை ஆராய்ந்து குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளையின் பண்பாட்டைக் குறையாகப் பார்க்காமல் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கியவர்கள் அந்த ஆசிரியர்கள். நமக்கும் இது பொருந்தும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சி பெறுவோர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வரும் வாரங்களில், அந்த ஊரிலேயே ஒரு குடும்பத்தோடு தங்க நமது பங்குகள் ஏற்பாடு செய்யலாம். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியரை அன்பியங்கள் வீடு வீடாக அழைத்துச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடலோர ஊர்களிலிருந்தும் நகரத்துக் குடியிருப்புகளிலிருந்தும் நமது பிள்ளைகளே ஆசிரியர்களாக வரவேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும் ஒரு பெண்ணை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்து இரண்டு ஆண்டுகள் படிக்கவைக்க ஒரு பங்கால் முடியாதா? பங்குப் பேரவைகள் அடுத்த வரவுசெலவுத் திட்டம் போடும்போது, திருவிழா வாணவேடிக்கைக்கு அடுத்த வரியிலாவது இதற்கென ஒரு தொகை எழுத வேண்டுகிறோம்.