காமாலை சூட்டால் வருவதில்லை

மேல்பட்டாம்பாக்கத்து டீக்கடையில் யாருக்கோ மஞ்சள் காமாலை என்று பேச்சு வந்தால் உடனே இரண்டு தீர்ப்புகள் விழும். ஒன்று, "உடம்புச் சூடு". மற்றது, குரலைத் தணித்துக்கொண்டு, "குடிசைப் பக்கத்து ஜனங்களுக்குச் சுத்தம் கிடையாது, அங்கிருந்துதான் பரவுது". முதலாவது அறியாமை. இரண்டாவது அநியாயம்.

தண்ணீரால் பரவும் காமாலைக்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற வைரஸ்கள். நோயாளியின் மலத்தில் வெளியேறி இன்னொருவர் வாய்க்குள் போகின்றன. சொல்லவே அருவருப்புதான். ஆனால் சூடு, சூடு என்று மூடி மறைத்ததால்தான் குழாயை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இராது. சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் விரிசல் இருந்தால் கழிவுநீர் உள்ளே கசியும். இதில் குடிசைக்காரர் செய்த குற்றம் என்ன? ஆசைப்பட்டா சாக்கடை ஓரம் குடிவந்தார்? நாம் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அவர் குடத்துத் தண்ணீரைக் காய்ச்சவும் சிலிண்டர் கணக்குப் பார்க்க வேண்டும்.

நாம் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். சின்ன வயதில் ஏ வகை வந்தால் பெரும்பாலும் கண்கூட மஞ்சளாகாது. ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி நின்றுவிடும். வாய்க்காலில் குதித்துத் திரிந்த நம்மில் பலருக்கு அப்படித் தெரியாமலே வந்து போயிருக்கும். ஃபில்டர் தண்ணீரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. முப்பது வயதில் வந்தால் வாரக்கணக்கில் படுக்கைதான், அபூர்வமாக ஈரலே செயலிழக்கும். சுகாதாரத்தில் பேர்பெற்ற கேரளத்திலேயே, 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குழாய்த் தண்ணீரால் 200 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் ஏ வந்தது. உயிர்களும் போயின.

தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அரசு இலவசமாகப் போடுவது பி வகைக்குத்தான். ஏ வகைக்குக் கைக்காசு போட வேண்டும். கரும்பு வெட்டப் போகிறவர் எங்கே போடுவார்? படுத்தால் அத்தனை நாள் கூலியும் போச்சு. நமக்காவது மெடிக்கல் லீவ் இருந்தது.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. என் அம்மாவும் மோரில் கலக்கிக் கொடுத்தவர்தான். ஏ வகை பெரும்பாலும் தானாகவே ஆறும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். குழாய் விரிசலை அது அடைக்குமா? மந்திரிக்க அலைகிற அலைச்சலில் பாதி போதும், பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம்: தொட்டியில் குளோரின் கடைசியாக எப்போது போட்டீர்கள்? கடைசித் தெருக் குழாய் வரைக்கும் அது வந்து சேருகிறதா? கடைசித் தெரு என்றால் அந்தக் குடிசைப் பக்கம்தான்.